ஆறு பேருக்குக் கண்ணீர் அஞ்சலி

தப்பு ஜெனிஷ் மேல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையைக் கேட்கிற எல்லோரும் முதலில் அவனைத்தான் திட்டுகிறார்கள்.

ஜெனிஷ் தண்டையார்பேட்டையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். அவனுடைய வாட்ஸ்அப்புக்கு ஆறு ஆண்களின் படம் போனது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். கூடவே, "பெரிய ஆளுங்க வர்றாங்க, பளிச்சுனு இருக்கணும்" என்று ஒரு குரல் செய்தி. இதை வைத்துக்கொண்டு அவன் வேறு என்ன செய்வான்? எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிப்பார்கள், கட்சிக்கு அடிப்பார்கள், சாவுக்கு அடிப்பார்கள். பிறந்த வருடமும் இறந்த வருடமும் ஒன்றாக வந்தால் அது சாவுதான். ஆறு பேரில் நாலு பேருக்குத் தாடி வேறு.

ஆகவே அவன் முறைப்படி அடித்தான். மேலே சிவப்பில் 'கண்ணீர் அஞ்சலி'. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் ஆறு பேரும் மாலையோடு. 'மண்ணை விட்டு மறைந்தாலும் எங்கள் மனதை விட்டு மறையாத கல்வித் தலைவர்களே' என்று ஒரு வரி. கீழே துயரத்தில் பங்குகொள்பவர்களாக எங்கள் பி.எட். மாணவ மாணவியரின் முகங்கள், வட்டம் வட்டமாக. அவற்றைக் கல்லூரியின் வாட்ஸ்அப் குழுப் படத்திலிருந்து அவனே வெட்டி எடுத்திருந்தான். மூலையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கைகூப்பிக்கொண்டு எங்கள் தாளாளர் அன்புமணி.

நான் வால்டர். ராயபுரத்துக்காரன். திருவொற்றியூரில் ஒரு கல்வியியல் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துவது எப்படி என்று பாடம் நடத்துகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம், சம்பளம் வாங்குகிற இடம். அன்புமணிக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கடை இருக்கிறது. கம்பியும் தகடும் விற்ற கையோடு கல்லூரியும் கட்டினார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதையும் எடை போட்டுப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். அடுத்த திங்கட்கிழமை கல்லூரியின் அங்கீகாரத்துக்காக ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. தத்துவ வகுப்பின் சுவர் காலியாக இருக்கக் கூடாது என்று அவரே அந்த ஆறு படங்களை அனுப்பச் சொல்லியிருந்தார். கைடு புத்தகத்தின் அட்டையில் இருக்கும் அதே ஆறு தத்துவ அறிஞர்கள். எல்லோரும் ஐரோப்பா, அமெரிக்கா.

ஷேர் ஆட்டோவில் அந்த ஃப்ளெக்ஸை மடியில் வைத்துக்கொண்டு வந்து இரண்டாவது மாடியில் பிரித்தேன். வகுப்பு மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. ஜெகதீசன் என்று ஒரு மாணவன், இரும்பு மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவரின் மகன், வட்டத்துக்குள் இருந்த தன் முகத்தைக் காட்டி, "மேம், எனக்கு இவங்க இன்னா மொற? மாமனா, சித்தப்பாவா?" என்று கேட்டான். சிரிக்காத ஒரே ஆள் எழில்மொழி.

எழில்மொழிதான் எங்கள் கல்லூரியில் கல்வியின் தத்துவ அடிப்படைகள் என்ற தாளை நடத்துகிறவள். நாற்பதைத் தாண்டியவள். பிறந்தது, வளர்ந்தது, இன்றைக்கும் இருப்பது எல்லாம் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு. தத்துவத்தில் எம்.ஏ., அப்புறம் எம்.எட். வாயைத் திறந்தால் ஊர் பாஷைதான் வரும். "லெக்சரர் மாதிரி பேசுங்க மேடம்" என்று அன்புமணி சொன்னதற்கு, "நான் பேசறதுதான் சார் லெக்சரர் பேசறது" என்று பதில் சொன்னவள். அந்தப் பதிலுக்கே அவளை நிரந்தரமாக்காமல் வருடா வருடம் ஒப்பந்தத்தில் இழுத்தடிக்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

அவள் ஃப்ளெக்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க? செத்தவங்கதானே? இத்தினி வருசமா இவங்க பேரை எழுதி மார்க்கு வாங்கிகினு கீறோம். ஒரு நாளாவது இவங்க சாவுக்குப் போயிருக்கமா?" என்றாள். என் பக்கம் திரும்பி, "வால்டர் சார், ஆணி இருந்தா குடுங்க, மாட்டிடலாம்" என்றாள்.

அன்புமணி பார்த்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஆணி கொடுத்தேன்.

அவளுடைய சங்கதி தெரிந்தால்தான் அவள் ஏன் மாட்டினாள் என்பது புரியும். அவளுடைய அப்பா சுப்பராயன் தண்டையார்பேட்டை குடோன்களில் மூட்டை தூக்கியவர். பௌத்தக் குடும்பம். அவர்கள் பிளாக்கின் தரைத்தளத்தில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு புத்தர் சிலை. ஞாயிற்றுக்கிழமை வணக்கம் முடிந்ததும் யாராவது பேசுவார்கள். பேசி முடித்தவர் உடனே எழுந்து போக முடியாது, கேள்வி கேட்பார்கள். கேள்வி வராவிட்டால் அன்றைய பேச்சு வீண் என்று அர்த்தம். அங்கே உட்கார்ந்து வளர்ந்தவள் கல்வியியல் படிக்கப் போனாள். கைடில் ஐரோப்பாவுக்கு முப்பது பக்கம், மற்ற உலகம் முழுவதற்கும் அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தில் பௌத்தத்துக்கு ஒரே வரி: உலகம் துன்பமயமானது, எனவே துறவே கல்வியின் நோக்கம். ஞாயிற்றுக்கிழமை கேள்வி கேட்டுக் கேட்டுப் பொழுது சாய்ந்துவிடும் அறையில் உட்கார்ந்தவளுக்கு அந்த வரியைப் படித்தால் எப்படி இருக்கும்? எரிந்தது என்று என்னிடம் சொன்னாள்.

எம்.எட். பரீட்சையில் அவள் கைடில் இருந்ததை எழுதவில்லை. ஆசிரியரையே சோதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஏற்றுக்கொள் என்று சொல்கிற ஒரு மரபு கல்வியைப் பற்றி என்ன நினைத்தது என்று நாலு பக்கம் எழுதினாள். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோது நாலு பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் சிவப்பு மையில் 'பாடத்திட்டத்தில் இல்லை'. அந்தப் பக்கத்தை அவள் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறாள். நான் பார்த்திருக்கிறேன். டிவிக்கு மேலே, அப்பா படத்துக்குப் பக்கத்தில். யாராவது கேட்டால், "எனக்குக் குடுத்த பட்டம்" என்பாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் பிளாக்கில் படத்திறப்பு நடக்கும் விதம். மற்ற இடங்களில் பதினாறாம் நாள் படத்தைத் திறந்து, மாலை போட்டு, நாலு பேர் புகழ்ந்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். அங்கே செருப்பை வெளியே விட்டுவிட்டு எல்லோரும் தரையில் உட்காருவார்கள். செத்தவரோடு சண்டை போட்டவனும் பேசலாம். கேரம் கிளப் நடத்திய திருமலை செத்தபோது அவர் மனைவி அங்கம்மா மாலையைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தாளாம். "நல்ல மனுசன். ஊருக்கே ஓடிப்போயி உதவி பண்ணுவாரு. வூட்டுக்கு வந்தா கை நீட்டுவாரு. ரெண்டையும் சொல்லிட்டுதான் மாலை போடுவேன்." சொன்னாள், போட்டாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. பேச வேண்டியவர்கள் பேசி முடிக்கிறவரை செத்தவருக்குக் கட்டிய ஃப்ளெக்ஸையும் கழற்ற மாட்டார்கள். திருமலையின் ஃப்ளெக்ஸ் மழைக்காலம் வரை தொங்கியதாம்.

மறுநாள் எழில் வகுப்பை அப்படித்தான் தொடங்கினாள். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். செருப்புகள் வெளியே வராந்தாவில் குவிந்தன. அவள் சொன்ன விதி ஒன்றுதான். "பொய் புகழ்ச்சி வாணாம், சொம்மா திட்டவும் வாணாம். இவரு என்கிட்ட இன்னா குடுத்தாரு, என்கிட்டருந்து இன்னா எடுத்துக்கினாரு. அத்த சொல்லுங்க."

முதலில் எழுந்தவள் சினேகா. எண்ணூர் முகத்துவாரத்துக் குப்பத்தில் கடலுக்குப் போகிற குடும்பம். குழந்தையைச் சமூகம் கெடுக்கிறது, அதை இயற்கையின் மடியில் விட்டுவிடு என்று சொன்னவரைப் பிடித்தாள். "புள்ளைய அடிக்காத, அது போக்குல வளர வுடுன்னு சொன்னாரு பாருங்க, அதுக்கு நன்றி. அந்த ஒரு வார்த்தைக்கு நான் மாலை போடுவேன். ஆனா இயற்கைல வுடுன்னா எந்த இயற்கைல? எங்க ஆத்துல காலை வெச்சா முட்டி வரைக்கும் கரண்டு பிளான்ட்டு சாம்பலு. எறா புடிக்கிற பொம்பளைங்களுக்குக் கை காலெல்லாம் புண்ணு. அப்பால, இவரு தன் புள்ளைங்கள பொறந்ததும் அனாதை ஆசிரமத்துல வுட்டுட்டாராம். அத்த ஏன் கைடுல போடல?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து ஜெகதீசன். அவன் எடுத்துக்கொண்டது ஆறு பேரில் இருந்த கிரேக்கரை. மனிதர்களில் சிலருடைய உயிரில் பொன் கலந்திருக்கிறது, அவர்கள் ஆள வேண்டும். சிலருக்கு வெள்ளி, அவர்கள் காவல் காக்க வேண்டும். சிலருக்கு இரும்பு, அவர்கள் உழைக்க வேண்டும். அந்தந்த உலோகத்துக்கு ஏற்ற கல்வி கொடு என்று ஒரு கதை கட்டியவர். "என் நைனா இரும்பு தூக்குறாரு. அவரு கணக்குல என் நைனா உள்ளாரயும் இரும்பு, வெளியவும் இரும்பு. அப்ப நான் யாரு? துருவா?" என்றான். உடனே, "இன்னா மேம், பாஸ் பண்ணிடுவனா?" என்று சிரித்தான்.

எழில் அவனைச் சும்மா விடவில்லை. "அவரு இன்னொண்ணும் சொல்லியிருக்காரு. இரும்புக்குப் பொன்னு பொறக்கலாம், பொறந்தா மேல தூக்கி வுடுன்னாரு. அத்தயும் சொல்லு. எதிராளி சொன்னதை முழுசா சொல்லிட்டு அப்பால சண்டை போடு." அவனும் எழுந்து அதைச் சொன்னான்.

அதற்கு அடுத்த நாள் அவள் வேறு ஒன்று கேட்டாள். "இந்தச் சாவுக்கு யாரு வரல? யாருக்குத் தகவல் சொல்லாம வுட்டாங்க?" உலகத்தில் கல்வியைப் பற்றி யோசித்தவர்கள் இந்த ஆறு பேர் மட்டும்தானா, மற்றவர்களைத் தேடி அழைத்து வாருங்கள் என்றாள். சும்மா பொன்மொழி எடுத்து வந்து சார்ட்டில் ஒட்டக் கூடாது. அவர்கள் என்ன சொன்னார்கள், அதோடு உனக்கு என்ன தகராறு, இரண்டும் வேண்டும்.

நான் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். என் வகுப்பு நேரத்தை அவளுக்குக் கொடுத்திருந்தேன்; முக்கோணம் ஓடிப்போகாது. வண்ணாரப்பேட்டை மெஹ்னாஸ் பழைய இஸ்லாமிய மரபைக் கொண்டு வந்தாள். படிப்பு புத்தகத்திலிருந்து வருவதில்லை, ஆளிடமிருந்து ஆளுக்கு வருவது. சொல்லிக் கொடுத்தவர் "இவருக்கு நான் பொறுப்பு" என்று சாட்சி சொன்னால்தான் அடுத்தவர் சொல்லித் தரலாம். "அந்த வரிசைல பொம்பளைங்களும் நெறைய பேரு இருந்துருக்காங்க மேம். பெரிய பெரிய மார்க்க அறிஞருங்க, ஆலிமுங்களே, அவங்ககிட்ட ஓதிப் படிச்சிருக்காங்க. எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியல. எனக்கே நேத்து வரைக்கும் தெரியாது. என் தகராறு அதுதான்" என்றாள்.

வேம்பு ஆப்பிரிக்காவின் தென்பக்கத்துச் சிந்தனையைக் கொண்டு வந்தான். ஒருத்தன் தனியாக மனிதனாகிவிட முடியாது, மற்றவர்களால்தான் ஆகிறான். எனவே குழந்தைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காதே, குழந்தை யார் யாரோடு இருக்கிறது என்று கேள். எனக்கு மிகவும் பிடித்திருந்தது, கை தட்டப் போனேன். அதற்குள் அவனே, "ஸோக்காதான் கீது. ஆனா அந்த மத்தவங்க நம்மள சேத்துக்க மாட்டேன்னா? எங்க தாத்தாவுக்கு ஊருல டீ கிளாஸ் தனி. அப்ப அவரு மனுசன் ஆவலையா?" என்று கேட்டான். தட்டப் போன கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

சினேகா நியூசிலாந்தின் பூர்வகுடிகளைக் கொண்டு வந்தாள். அவர்களுக்கு ஆறு ஒரு மூதாதை. அங்கே ஓர் ஆற்றைச் சட்டத்திலேயே ஓர் ஆளாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆறுதான் வாத்தியார், அதனிடம் கற்றுக்கொள்ள வேண்டும். "எங்க ஆறு ஒரு ஆளா இருந்தா எப்பவோ கேஸ் போட்டிருக்கும்" என்றாள். பிறகு, "ஆனா அவங்க என்னையும் கேப்பாங்க இல்ல? உன் வாத்தியாரு மேல சாம்பலக் கொட்றப்ப நீ இன்னா பண்ணிகினு இருந்தன்னு. நான் டியூசனுக்குப் போய்கினு இருந்தேன்" என்றாள்.

எழில் கடைசியில் தன் பௌத்தத்தையும் எடுத்து நடுவில் வைத்தாள். பெண்களைச் சங்கத்தில் சேர்க்கப் புத்தர் தயங்கிய கதையை அவளே சொன்னாள். "நம்மாளுன்னு டபாய்க்கக் கூடாது. அந்த ஆறு பேரைக் கேட்டத இவரையும் கேளுங்க" என்றாள். கேட்டார்கள். அவள் பதில் சொல்ல முடியாமல் நின்ற இடமும் இருந்தது. முடியவில்லை என்று சொன்னாள்.

அன்புமணி மேலே வந்தது செருப்பைப் பார்த்துத்தான். வராந்தாவில் மலையாகக் கிடந்த செருப்பு கீழே அலுவலகத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. வந்தவர் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். உள்ளே, முதல் நாள் வராத ஒருத்திக்காக ஜெகதீசன் மறுபடியும் பொன், வெள்ளி, இரும்பு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். வகுப்பு முடிந்ததும் அவர் உள்ளே வந்து ஃப்ளெக்ஸைப் பார்த்தார், மூலையில் கறுப்புக் கண்ணாடியோடு தன்னையும் பார்த்தார்.

"இது காலேஜா, சாவு வீடா மேடம்?"

"சாவு வூட்லதான் சார் எங்காளுங்க உண்மைய பேசுவாங்க."

"கமிட்டி வருது. நூறு பசங்க வாழ்க்கை. சிலபஸ்ல இல்லாததெல்லாம் பேசி அவங்க ஏதாச்சும் எழுதிட்டுப் போயிட்டா நான் எங்க போய் நிக்கறது? நாளைக்கே இதைக் கழட்டுங்க. திங்கக்கிழமை கைடுல இருக்கறதை மட்டும் சொல்லணும். இல்லன்னா உங்க பேப்பரை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். உங்க கான்ட்ராக்டும் என் மேஜைக்குத்தான் வரணும்."

"நூறு பசங்க வாழ்க்கைதான் சார். அவங்க நாளைக்கு எத்தினி ஆயிரம் புள்ளைங்க முன்னால நிக்கப் போறாங்க? உலகத்துல யோசிச்சவன் எல்லாம் ஒரே பக்கத்துல பொறந்தான்னு அத்தினி புள்ளைங்களுக்கும் சொல்லணுமா? கழட்ட மாட்டேன் சார். இன்னும் பேசாதவங்க கீறாங்க."

அவர் கழற்றினார். அதாவது ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனை விட்டுக் கழற்றி ஜெனரேட்டர் அறையில் போட்டார். ஜெனிஷைத் திட்டித் தீர்த்து, அவனிடமே புதிதாக ஒன்று அடித்து வாங்கினார். அதே ஆறு பேர், விளக்கு இல்லை, கண்ணீர் இல்லை. நீலப் பின்னணியில் இங்கிலீஷில் தலைப்பு. அத்தோடு விட்டிருந்தால் அவர் நினைத்தபடியே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அவருக்குத் திறப்பு விழா இல்லாமல் எதுவும் செய்து பழக்கமில்லை. கடையில் புது எடை மெஷின் வைத்தால்கூட ரிப்பன் கட்டுகிறவர். குழுத் தலைவியைக் கொண்டு திறந்து வைக்கலாம் என்று புது ஃப்ளெக்ஸின் மேல் ஒரு பட்டுத்துணியைத் தொங்கவிட்டுக் கயிறு கட்டினார்.

திங்கட்கிழமை எழில் சேலையில் வந்திருந்தாள். மாணவர்களிடம் அவள் சொன்னது இவ்வளவுதான், நான் பக்கத்தில் இருந்தேன்: "உங்க இஷ்டம். எனக்காக ஒண்ணும் பண்ணாதீங்க."

குழுத் தலைவி கண்ணாடி போட்ட, களைத்த முகமுடைய ஒரு பேராசிரியை. கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. அன்புமணியும் கூட வந்தவர்களும் கை தட்டினார்கள். மாணவர்கள் தட்டவில்லை. எழுந்து நின்றார்கள். ஒவ்வொருவராக வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். தலைவிக்கு ஒன்றும் புரியவில்லை. இது ஏதோ ஏற்பாடு செய்த நிகழ்ச்சி என்று நினைத்து அவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சினேகா எழுந்தாள். "படம் திறந்தா எங்க மேம் வகுப்புல பேசணும். நல்லதும் பேசணும், தகராறும் பேசணும்" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினாள். இயற்கையின் மடியில் குழந்தையை விடச் சொன்னவர், எண்ணூர் ஆறு, ஆற்றை வாத்தியாராக வைத்திருக்கும் மக்கள், அவர்கள் தன்னைக் கேட்கக்கூடிய கேள்வி. வார்த்தை தடுமாறியது, ஆனால் நிறுத்தவில்லை. அவள் உட்கார்ந்ததும் ஜெகதீசன் எழுந்தான். இந்தத் தடவை கிரேக்கர் சொன்னதை முழுசாகச் சொல்லிவிட்டுச் சண்டைக்குப் போனான். அன்புமணி கதவோரமாக நின்று வேர்த்துக்கொண்டிருந்தார்.

தலைவி இரண்டு பேரையும் கேட்டார். பிறகு எழிலைப் பார்த்து, "நல்லா பேசறாங்க. இது பாடத்திட்டத்துல எந்த அலகுல வருது?" என்று கேட்டார்.

"எந்த அலகுலயும் வரல மேடம். அதுதான் எங்க தகராறே" என்றாள் எழில். "உலகத்துல பாதிப் பேருக்குத் தகவல் சொல்லாம ஒரு சாவு நடக்குது. நாங்க சொல்லி அனுப்பிகினு கீறோம்."

தலைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூட வந்தவர் கடிகாரத்தைக் காட்டினார். குழு எழுந்து கழிப்பறையையும் தீயணைப்புக் கருவியையும் பார்க்கப் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாராட்டியிருக்கலாம், திட்டியிருக்கலாம். இரண்டும் இல்லாமல் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார்கள்.

குழு கிளம்பியதும் அன்புமணி எழிலைக் கூப்பிட்டார். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார். மேஜைமேல் தட்டச்சு செய்த ராஜினாமாத் தாள் இருந்தது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. எங்கள் மாதிரிக் கல்லூரிகளில் யாரையும் நீக்க மாட்டார்கள். அவர்களாகவே 'சொந்தக் காரணங்களுக்காக' விலகிவிடுவார்கள்.

எழில் அதைத் தொடவே இல்லை. "எனக்கு சொந்தக் காரணம் ஒண்ணும் இல்ல சார். நீங்க தூக்குறீங்க. அத்த நீங்கதான் எழுதணும்."

"என்னன்னு எழுதறது?"

"நடந்தத எழுதுங்க. பாடத்திட்டத்தில் இல்லாதவர்களை வகுப்புக்கு அழைத்ததால் நீக்கப்படுகிறார். ஏற்கெனவே ஒருத்தரு சிவப்பு மையில எனக்கு எழுதிக் குடுத்தாரு. வூட்ல மாட்டி வெச்சிருக்கேன். பக்கத்துல இன்னொரு ஆணிக்கு எடம் கீது. கையெழுத்து போட்டு சீல் வெச்சுக் குடுங்க. நான் ஜெனிஷுகிட்ட குடுத்துப் பெருசா அடிச்சு வாசல்ல கட்றேன்."

அவளுக்கு அந்தச் சம்பளம் வேண்டும். அதைவிட அந்த வகுப்பு வேண்டும். குரலில் அது தெரியவில்லை. அன்புமணி கல்லூரித் தாள் ஒன்றை எடுத்தார், பேனாவைத் திறந்தார். தேதி போட்டார். அவள் பெயரை எழுதினார். அங்கே நின்றது பேனா.

தலை நிமிராமலே கேட்டார்: "அந்த கிரேக்கரு… நிஜமாவே அப்படித்தான் சொன்னாரா? இரும்புக்காரன் ஆளக் கூடாதுன்னு?"

"ஆமா சார். இரும்புக்காரன் ஆண்டா நாடு அழிஞ்சிடும்னு சாமியே சொல்லிச்சுன்னு ஒரு கதை கட்டச் சொன்னாரு. புள்ளை பொன்னா பொறந்தா மட்டும் மேல போலாம்."

"அப்போ அப்பன்? அவன் கடைசி வரைக்கும் இரும்பாவே கெடக்கணுமா?"

"அத்த என்னக் கேக்காதீங்க சார். அவரைக் கேளுங்க. மாடில கேக்கலாம்."

அவர் பேனாவை மூடினார். கையெழுத்துப் போடவில்லை. தாளைக் கிழிக்கவும் இல்லை. இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "மே மாசம் கான்ட்ராக்ட் முடியுமில்ல, அப்ப பாத்துக்கறேன்" என்றார். "அந்தக் கண்ணீர் அஞ்சலி மட்டும் மறுபடியும் சுவத்துல இருக்கக் கூடாது."

"பேச வேண்டியவங்க பேசி முடிச்சா நானே கழட்டுவேன் சார்" என்று சொல்லிவிட்டு, எழில் நேராக ஜெனரேட்டர் அறைக்குப் போனாள். ஃப்ளெக்ஸில் டீசல் கறை பட்டிருந்தது. இரண்டு பேரும் அதை மாடிக்குத் தூக்கிப்போய், நீல ஃப்ளெக்ஸுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினோம். இந்தத் தடவை அவள் கேட்காமலே ஆணி கொடுத்தேன்.

மே மாதம் இன்னும் வரவில்லை. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவளும் தெரிந்த மாதிரி நடிப்பதில்லை. வகுப்பு மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை சீனத்து மரபு வந்திருந்தது. பெரியவருக்கு மரியாதை என்பதைப் படித்துக்கொண்டு வந்தவள் பாதியிலேயே நிறுத்தி, எவ்வளவு மரியாதை, எதுவரைக்கும் மரியாதை என்று தகராறு பண்ணிக்கொண்டிருந்தாள். எழில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். வராந்தாவில் ஒரு வெள்ளைச் சட்டை வந்து நின்றதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அவள் எழுந்திருக்கவில்லை.

"வெளிய நின்னு கேக்கறவங்க உள்ள வந்து குந்தலாம்" என்றாள் உரக்க, கதவைப் பார்க்காமலே. "பேசறதா இருந்தாலும் பேசலாம். ஆனா எங்க வழக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

வகுப்பு திரும்பிப் பார்த்தது. அன்புமணி அந்தச் செருப்புக் குவியலைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தன் செருப்பைக் கழற்றினார்.